யாரிடமும் பகிர வேண்டாம்

பேசுவதற்குக் காசு, சரி.
பேசாமல் இருப்பதற்கும் கேட்டார்கள்.
யாராவது கூப்பிட்டால் எடுப்பதற்கு மட்டும்
மாதம் இருநூறு சொச்சம்.
படுக்கிறவனிடம் கட்டிலுக்குப் போக
கொட்டாவிக்கும் வாடகை.
புத்தியுள்ளவன் கட்டியிருப்பான்.
நான் வீம்புக்கு விட்டேன்.

இரண்டாவது சிம்தானே என்று நினைத்தேன்.
பழங்காநத்தம் கடைப் பலகையில் இருப்பது வேறு எண்,
மோட்டார் காயில் கட்ட வருகிறவர்களுக்கு அது போதும்.
ஆனால் பாஸ்புக்கில் இதுதான்.
கேஸ் புத்தகத்தில் இதுதான்.
மகள் பள்ளிக்கூடத்திலும்.
பதினாலு வருஷம் என் பேருக்குப் பக்கத்தில்
இனிஷியல் மாதிரி நின்றது.
தொண்ணூறு நாள் கணக்குப் பார்த்து
வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள்.
வாடகைக்கு விட்ட வீட்டையே
சாமானை இறக்கி வைக்கச் சொல்லித்தான் பூட்டுவார்கள்.

தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன்.
என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமாம்.
இருபத்திரண்டு நிமிடம் அதையே சொன்னது.

காளவாசல் வங்கியில் சொன்னார்கள்:
"பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும் சார்,
அதைச் சொன்னா புது நம்பர் ஏத்திரலாம்."
"பழைய நம்பர்தான் போச்சே மேடம்."
"அதனாலதான் சார் மாத்துறோம்."
படிவம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு தடவை.
கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பியது.
முப்பது வருஷம் செம்புக் கம்பி இழுத்த கை,
காலையில் ஒரு மாதிரி போடும்,
சாயங்காலம் ஒரு மாதிரி.

வேறு வழியில்லாமல்
என் எண்ணை நானே கூப்பிட்டேன்.
மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல்.

"நீங்கதானா அந்த முத்திருளப்பன்?
ஏண்ணே, எத்தன நாளாத் தேடுறது?"

ஒச்சம்மா. கருமாத்தூர்.
பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர்.
"ஒங்க சிலிண்டர்க்காரப் பய
கோடு கேட்டு ரெண்டு தரம் பேசிட்டான்.
தவணைக்காரன் ஒருத்தன் மருவாதியில்லாமப் பேசுனான்,
நல்லா வைஞ்சு விட்டுட்டேன், இனி வரமாட்டான்.
நித்திலா போன வியாழக்கெழம
பள்ளிக்கூடம் வரலையாமே, காச்சலா?"

எனக்கே தெரியாது.

மறுநாள் வங்கி மேசையில்
போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன்.
அதிகாரி பொத்தானைத் தட்டினார்.
கருமாத்தூரில் 'டிங்' என்றது, இங்கேயே கேட்டது.
பின்னால் ஒரு கன்றுக்குட்டி கத்தியது.
"அண்ணே, வந்துருச்சு.
ஆனா யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கே,
சொல்லலாமா?"

நான் அதிகாரியைப் பார்த்தேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா."

லிட்டர் அளக்கிற நிதானத்தில் சொன்னார்:
ஆறு. மறுபடி ஆறு. ஒண்ணு.
எழுதியாச்சா? பூஜ்யம்.
மிச்சம் இரண்டையும் சொல்லிவிட்டு
முதலிலிருந்து ஒருதரம்.

என் கணக்கில் அப்போது
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
அவர் நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம்.
மோசடிக்குப் பயந்து கட்டிய சுவர்களில்
மூன்று மாதம் நான்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.
வெளியே வந்த வாசலைத் திறந்து விட்டது
முகம் பார்த்திராத ஒருத்தி,
அதுவும் விதியை மீறி.
இதை எந்தச் சட்டத்தில் எழுதுவார்களோ,
எழுதினால் கெட்டுவிடும்.

கேஸ் மாற்றிவிட்டேன், வங்கி மாறிவிட்டது.
பள்ளிக்கூடத்தில் மட்டும்
இன்றைக்கு நாளைக்கு என்று
தள்ளிக்கொண்டே போகிறது.

நேற்று ஒச்சம்மா கூப்பிட்டார்:
"நித்திலா இன்னைக்கும் வரலையாம்ணே."
நித்திலா எதிரே உட்கார்ந்து
தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னைக்கு ஞாயித்துக்கெழமக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியுதுண்ணே,
அந்த மிசினுக்குத் தெரியலையே.
பாவம், அதுக்கு யாரு சொல்றது?"